கறுப்பை இறக்குதல்

பேகம்பூர்ப் பக்கம் ஐம்பது வயதுக்கு முன்னால் யாருக்கும் நரைக்காது என்று என் அம்மா கேலியாகச் சொல்வார். அதற்குக் காரணம் கமர்ஜஹான் அக்கா. கல்யாண வீடுகளில் மருதாணி அரைத்துக் கைகளுக்கு வைத்துவிடுவது அவருடைய வேலை. நரைத்த தலைகளைக் கறுப்பாக்குவதும் அவருடைய வேலைதான், ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தூக்குவாளியில் கரைத்த மருதாணியும் துணிப்பையில் அவுரி இலைப் பொடியுமாகப் பின்வாசல் வழியாகப் போவார், பின்வாசல் வழியாகவே திரும்புவார். முதல் நாள் மருதாணி பூசினால் முடி சிவக்கும். மறுநாள் அதன்மேல் அவுரியைக் குழைத்துப் பூசினால் கறுக்கும். செய்முறை இவ்வளவுதான், யார் வேண்டுமானாலும் செய்யலாம். யார் தலையில் பூசினோம் என்பதை அடுத்த வீட்டில் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்துக்காகவே அவரைக் கூப்பிட்டார்கள். அக்காவும் தங்கையும் ஒரே வாரத்தில் அவரிடம் கறுப்படித்துக்கொண்டு, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி "உனக்கு இன்னும் ஒண்ணுகூட நரைக்கலையேடி" என்று வியந்துகொண்ட வீடு ஒன்று உண்டாம். எந்த வீடு என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை.

அவர் கணவர் பக்ருதீன், கல்யாணங்களுக்குப் பிரியாணி போடுகிற மாஸ்டர். அவர் தலையில் ஒரு முடி கிடையாது.

"ஊர்ல நான் கைவைக்காத தலை இவுக தலை ஒண்ணுதான். உரிச்ச வெங்காயம் மாதிரி வச்சிருக்காக" என்பார் அக்கா.

"வீட்டாளுங்கிட்ட கூலி வாங்க முடியாது பாரு, அந்த நஷ்டம் உனக்கு வேணாம்னுதான் தானா உதிர்ந்திருச்சு" என்பார் பக்ருதீன்.

நான் அவரிடம் போனது 1985 சித்திரையில். கட்ச் உப்பளங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, அங்கிருந்து இன்னும் வடக்கே கொஞ்ச காலம் சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். என் முடி தேங்காய் நார் நிறத்துக்கு வந்திருந்தது. வீட்டில் உட்கார முடியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்த என்னை, "முதல்ல இந்தத் தலைய மனுசத் தலையாக்கிட்டு வா" என்று அம்மா நாகல் நகரிலிருந்து அனுப்பிவைத்தார்.

கமர்ஜஹான் அக்கா பொடியைக் குழைக்கவில்லை. என் முடியை ஒரு கொத்தாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கனகா, இது முன்னால கறுப்பாத்தான இருந்துச்சு?"

"ஆமாக்கா."

"எதனால இப்படி வெளுத்துச்சு?"

"வெயில்தான். அங்க ஒரு மரம் கிடையாது. போதாததுக்கு உப்புக் காத்து."

"எம்புட்டு நாள்ல?"

"ஒரு வருஷம் ஆகியிருக்கும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஒரு வருசமா? எனக்கு நோன்பு பிறக்கறதுக்குள்ள வேணுமே" என்றார். யாருக்கு, எதற்கு என்று நான் கேட்டதற்குப் பதில் பின்வாசல் வழியாக வந்தது. முக்காடு நழுவ உள்ளே வந்த அஜீஸுன்னிசா அம்மாள், நான் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைக்கூடப் பார்க்காமல், "கமரு, ஏதாச்சும் வழி கண்டுபுடிச்சியா? அவ என்னோட பேசவே மாட்டேங்கறா" என்று அழ ஆரம்பித்தார்.

நடந்தது இது. அஜீஸுன்னிசாவின் கணவர் சாகுல் ஹமீது, நத்தத்திலிருந்து புளி வாங்கிவந்து விற்கிற வியாபாரி. அவர்கள் மகள் ஷப்னத்துக்குப் பிறந்ததிலிருந்தே செம்பட்டை முடி. நம் ஊரில் செம்பட்டை என்றால் எண்ணெய் காணாத தலை, சரியாகச் சாப்பாடு போடாத வீடு என்று அர்த்தம். மகள் தலையில் அந்த அம்மாள் இறக்கிய எண்ணெயில் ஒரு கடையே வைத்திருக்கலாம். முடி மட்டும் மாறவில்லை. இந்த நிலையில், தோல் வியாபாரம் செய்கிற வசதியான வீட்டிலிருந்து ஜுலைகா அம்மாள் தன் மகன் அயாஸுக்குப் பெண் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. அஜீஸுன்னிசா கமர்ஜஹான் அக்காவை அழைத்து, அவர்கள் வருவதற்குள் ஷப்னத்தின் தலையைக் கன்னங்கரேலென்று ஆக்கிவிட்டார்.

ஜுலைகா வந்தார், பார்த்தார், வைத்ததைச் சாப்பிட்டார், போய்விட்டார். பிறகு நடுவில் பேசிவந்த அம்மாள் மூலம் சொல்லி அனுப்பியது இப்படி: "எம்மவன் பஸ் ஸ்டாண்டுல பாத்து ஆசைப்பட்டது செம்பட்டை முடிப் பொண்ணு. நீங்க காட்டுனது கறுப்பு முடிப் பொண்ணு. அந்த வீட்டுல கட்டிக்குடுக்காம இருக்கற கொழுந்தன் மகளக் காட்டி எங்க தலையில கட்டப் பாக்குறீகளா?"

காற்றில் முக்காடு விலகிய நேரத்தில் அயாஸ் பார்த்துப் பிடித்துப்போனது அந்த முடியைத்தான். அது அஜீஸுன்னிசாவுக்குத் தெரியாது. சாகுல் ஹமீதின் தம்பி மகளும் அதே வீட்டில்தான் இருந்தாள். ஷப்னத்தைவிட மூத்தவள், நல்ல கறுப்பு முடி. அதனால் ஜுலைகாவின் சந்தேகத்தைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஆளை மாற்றிக் காட்டினார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் இரண்டு பெண்களுக்கும் வேறு வரன் வராது. பயத்தில் அஜீஸுன்னிசா என்ன சொல்லிவிட்டார் தெரியுமா? "அன்னைக்கி எண்ணெ நிறைய வச்சிருந்தா, கூடத்துலயும் வெளிச்சமில்ல, அதான் கறுப்பாத் தெரிஞ்சிருக்கு. பகல்ல வந்து வெயில்ல வச்சுப் பாருங்க." ஜுலைகாவும், நோன்புக்கு முன்னால் பகலில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஆக, ஏறின கறுப்பு இறங்க வேண்டும். இருபது வருஷமாகக் கறுப்பை ஏற்றியே பழகிய கமர்ஜஹான் அக்காவுக்கு, அதை இறக்குவது எப்படி என்று தெரியாது. அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை.

"உண்மையைச் சொல்லிட்டா என்னக்கா?" என்றேன்.

"சாயம் போட்டோம்னா நரைச்சிருந்துச்சுன்னுதான நெனப்பாக? இருபது வயசுப் புள்ளைக்கி நரைன்னா, அப்ப வேற என்ன வியாதியோன்னு ஆரம்பிப்பாக. அது ஒரு பக்கம். நான் வாயத் தொறந்தா இன்னைக்கி இந்த வீடு, நாளைக்கி எந்த வீடோன்னு எல்லாரும் பின்வாசலச் சாத்திருவாக. எம் பொழப்பு அத்தோட சரி."

அஜீஸுன்னிசா ஒரு யோசனை சொன்னார். "ஜவுளிய வெளுக்கறதுக்கு பிளீச்சிங் பவுடர் போடறாகளே, அதக் கொஞ்சம் தண்ணியில கரைச்சு..."

"ஏம்மா, அதுக்கு சுண்ணாம்பே வச்சிரலாமே? சம்பந்தி வீட்டுத் தோல் ஷாப்புல ஆட்டுத் தோலுக்கு அதத்தான் வைக்கிறாக. முடி மொத்தமா வழிச்சுக்கிட்டு வந்துரும். எந்த நிறம்னு யாரும் கேக்கவே மாட்டாக."

அழுதுகொண்டிருந்த அஜீஸுன்னிசா அந்த அழுகையோடேயே சிரித்துவிட்டார்.

எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் மறுநாளிலிருந்து நானும் அங்கேதான் இருந்தேன். கறுப்படித்த பிறகு ஷப்னத்தின் சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுவர் மாடத்தில் வைத்திருந்தார்கள். கமர்ஜஹான் அக்கா முதலில் அதைத்தான் கேட்டு வாங்கினார். பிரித்து மூன்று நான்கு கொத்தாக நூலில் கட்டி, ஒன்றைச் சுடவைத்த தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டார். ஒன்றில் எலுமிச்சைச் சாறு தடவி மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டார். ஒன்றைப் புளித்த தயிரில் போட்டார். மாலையில் எல்லாவற்றையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிப் பார்த்தோம். தயிரில் கிடந்தது அப்படியே இருந்தது. எண்ணெயில் ஊறியதை அலசியபோது தண்ணீர் லேசாக நீலம் காட்டியது. எலுமிச்சை தடவியது நுனியில் மட்டும் பழுப்பாகியிருந்தது, ஆனால் தொட்டால் ஒடிந்தது.

"எண்ணெ கறுப்ப இளக்குது, எலுமிச்சை வெளுக்குது. ரெண்டையும் முன்ன பின்ன செய்யணும். வெறும் சாறு ஆகாது, தண்ணி கலக்கணும்" என்றார்.

பின்கட்டு முற்றத்தில் ஒரு முக்காலியைப் போட்டு ஷப்னத்தை உட்காரவைத்தோம். அம்மாவிடம் இன்னும் பேசாமலே இருந்தவள், எங்களிடம் மட்டும் பேசினாள்.

"எம் முடியப் புடிச்சிருக்குன்னு ஒரு ஆளு சொல்லியிருக்காரு. இந்த ஊர்லயே ஒரே ஆளு. அவரு வீட்டாளுக வந்து பாக்கறதுக்குள்ள அதக் கொண்டுபோயி மூடிட்டாக. எப்படியாச்சும் கழுவி எடுத்துத் தாங்கக்கா."

"நீ அந்த ஆளப் பாத்தியா?"

"செத்த நேரம்தான். தாடிக்கொம்பு பஸ்ஸுக்கு நின்னாரு. பஸ் வந்தும் ஏறல."

"அப்புறம்?"

"அடுத்த பஸ் வந்துச்சு. அதுலயும் ஏறல." சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

முதலில் எண்ணெய். வெதுவெதுப்பான தேங்காயெண்ணெயை வேர் முதல் நுனி வரை இறக்கி, துணி சுற்றி அரை நாள் விட்டார். பிறகு பூந்திக்கொட்டை நுரையில் இரண்டு தடவை அலசினார். சாக்கடையில் போன தண்ணீரை எல்லாரும் எட்டிப் பார்த்தோம். நீலம் கலந்த பழுப்பு. அஜீஸுன்னிசா "அல்லா" என்று மூச்சுவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் இதே வேலை. எண்ணெய் அலசிய மறுநாள் எலுமிச்சை. ஒரு பங்கு சாறுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, பழைய துணியால் நனைத்து நனைத்து முடியில் ஒற்றி, காலை வெயிலில் சிறிது நேரம். மாலையில் சிறுமலைத் தேனைத் தயிரில் குழைத்துப் பூசி, தலை வறண்டுவிடாமல் பார்த்துக்கொண்டார். தேனும் கொஞ்சம் வெளுக்கும் என்று நான் வடக்கே கேட்டிருந்ததைச் சொன்னேன். "வெளுத்தா வெளுக்கட்டும், வெளுக்காட்டி மெதுவாவாச்சும் இருக்கும்" என்றார். கோடை என்பதால் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சம். சந்தையில் தேடி வாங்கிவந்து கொடுப்பது என் வேலையாக இருந்தது.

ஒருநாள் அவசரப்பட்டுவிட்டார். கறுப்பு இறங்குவது போதவில்லை என்று தண்ணீர் கலக்காத சாறைத் தடவி, உச்சி வெயில் வரை விட்டுவிட்டார். ஷப்னம் "எரியுதுக்கா, எரியுதுக்கா" என்று கத்திய பிறகுதான் கழுவினார். காதோரம் தோல் சிவந்துபோயிருந்தது. முடி விளக்குமாறு போல விறைத்து நின்றது. அதன்பிறகு இரண்டு நாள் எலுமிச்சையைத் தொடாமல், தயிரும் தேனும் மட்டும் வைத்தார். வீட்டுக்குப் போய் பக்ருதீனிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். "கறி வேகலேன்னு தீயக் கூட்டுனா அடிதான் புடிக்கும். தெரியாதா உனக்கு?" என்றாராம் அவர்.

கறுப்பு இறங்கியது உண்மை. ஆனால் அதற்கு அடியில் இருந்த மருதாணி இறங்கவில்லை. அவுரி போகப் போகச் சிவப்பு தெரிய ஆரம்பித்தது. வெயில் பட்ட மேல்பகுதி செம்பழுப்பு, நடுவில் செங்கல் நிறம், பின்னலின் நுனிப்பக்கம் இன்னும் கறுப்பு. ஷப்னத்தின் சொந்த முடி எந்த நிறம் என்று கேட்டால், புதுச் சணல் கயிற்றைக் கொஞ்சம் நனைத்தால் வருகிற நிறம். இது அது இல்லை.

"போன கறுப்பே போதும். மிச்சத்துக்கு எண்ணெ, வெளிச்சம்னு நான் ஏதாச்சும் சொல்லிக்கறேன்" என்றார் அஜீஸுன்னிசா.

அன்று கமர்ஜஹான் அக்கா வழக்கத்துக்கு மாறாக ஷப்னத்தின் முடியை ரொம்ப நேரம் வாரிக்கொண்டிருந்தார்.

நோன்புக்கு முந்திய வாரத்தில் ஜுலைகா அம்மாள் தன் மூத்த மகளோடு வந்தார். பெரிய உருவம், கையில் விசிறி. உட்கார்ந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், "புள்ளய முத்தத்துக்குக் கூப்பிடுங்க" என்றார். கமர்ஜஹான் அக்காவும் நானும் சமையலறை நிலையில் நின்றிருந்தோம். எலுமிச்சம்பழம் தேடித்தந்த உரிமையில் நான்.

ஷப்னம் வந்து வெயிலில் நின்றாள். ஜுலைகா அவள் முக்காட்டை எடுத்துவிட்டு, பின்னலை அவிழ்த்து, ஒரு கொத்தை விரலில் சுற்றிப் பார்த்தார். வருஷக்கணக்காகத் தோலில் சாயம் ஏறுவதைப் பார்த்த குடும்பம்.

"இது என்ன, மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம்? அஜீஸுன்னிசா, இது எண்ணெயா?"

"எண்ணெ நின்னுபோன இடம் மாமி... கீழ்ப்பக்கம் சரியா அலசலபோல..."

"எங்கிட்டயா சொல்ற? இது சாயம். எங்க வீட்டுல தோலுக்குப் போட்டா தெரியும், நீ முடிக்குப் போட்டா தெரியாதா?"

மூத்த மகள் எழுந்துவிட்டாள். "அம்மா, நான் அப்பவே சொன்னேன்ல? அன்னைக்கி ஒருத்தி, இன்னைக்கி அவளுக்கே வேஷமா, இல்ல வேற ஒருத்தியான்னு யாருக்குத் தெரியும்? வாங்க போவோம்."

ஷப்னம் வெயிலில் அப்படியே நின்றாள், அவிழ்த்துவிட்ட முடியோடு. என் பக்கத்தில் நின்ற கமர்ஜஹான் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார்.

"செத்த இருங்க மாமி. இங்கிட்டுப் பாருங்க."

ஷப்னத்தின் தலையைக் குனியவைத்து, சீப்பின் நுனியால் உச்சியில் வகிடு பிரித்தார். கறுப்படித்த பிறகு வளர்ந்த முடி அங்கே வேரில் ஒரு கோதுமை நீளத்துக்கு நின்றது. வெயில் பட்டதும் அது மட்டும் தனியாகத் தெரிந்தது.

"இது அவளோடது. இதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் என்னோடது. கறுப்பு பூசுனதும் நாந்தான், இப்ப ஒரு மாசமா உக்காந்து இறக்குனதும் நாந்தான். நரையுமில்ல, வியாதியுமில்ல. செம்பட்டைன்னா நீங்க வேணாம்னுருவீகளோன்னு பெத்தவளுக்குப் பயம். அம்புட்டுத்தான்."

ஜுலைகா குனிந்து வகிட்டைப் பார்த்தார். விரலால் இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். பிறகு அஜீஸுன்னிசா பக்கம் திரும்பினார்.

"எம்மவன் அந்த முடியத்தான் பாத்தேன்னு வீட்டுல ஒத்தக்காலுல நிக்கிறான். நீ என்னடான்னா அதக் கொண்டுபோயி ஒளிச்சு வச்சிருக்க."

"எனக்கு யாரு சொன்னா மாமி..."

"கேட்டியா நீ?" அவர் ஷப்னத்தின் முகத்தை நிமிர்த்தினார். "ஏம்புள்ள, பஸ் ஸ்டாண்டுல நின்னது நீதான?"

"நாந்தான் மாமி. அவுக தாடிக்கொம்பு பஸ்ஸுல ஏறாம நின்னாக."

மூத்த மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அன்னைக்கித்தான் அத்தா கடையில இருந்து அவனத் தேடி ஆள் மேல ஆள் விட்டாக" என்றாள். ஜுலைகா சிரிக்கவில்லை. விசிறியை மடியில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் கேட்டதும் சம்மதம் என்று புரிந்துகொண்டு, அஜீஸுன்னிசா தானே சொம்பை எடுக்க ஓடினார்.

நோன்பு முடிந்து நிக்காஹ் நடந்தது. அதுவரை பெண் தலையில் எண்ணெயைத் தவிர யாரும் எதையும் வைக்கக்கூடாது என்று ஜுலைகா சொல்லி அனுப்பியிருந்தார். மூன்று நிறத்தில் பின்னிய பின்னலில் மல்லிகையை வைத்து, ஷப்னம் மணப்பெண்ணாக உட்கார்ந்தாள். கமர்ஜஹான் அக்கா கைக்கு மட்டும் மருதாணி வைத்தார்.

ஆனால் அவர் பயந்ததும் நடந்தது. "பேசற ஆளு" என்று பெயராகிவிட்டது. பின்வாசல்கள் ஒவ்வொன்றாக மூடின. முன்பு மாதம் தவறாமல் கூப்பிட்ட வீடுகளில் இருந்து ஆள் வரவில்லை. சிலர் கடையில் பொடி டை வாங்கித் தாங்களே பூசிக்கொண்டு, நெற்றியெல்லாம் கறையோடு திரிந்தார்கள். தெருவில் அப்படி யாரையாவது பார்த்தால் அக்கா என் கையை நசுக்குவார். அவுரிப் பொடியைத் தகர டப்பாவில் போட்டு மூடிவைத்துவிட்டு, அந்த வருஷம் கல்யாண மருதாணியையும் பக்ருதீனின் வரும்படியையும் வைத்துச் சமாளித்தார்.

"வருத்தமா இருக்காக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்காம? பழகுன வீடுக. ஆனா அந்தப் புள்ள முடிய அவுத்துப்போட்டுட்டு வெயில்ல நிக்கையில, நான் நிலையில நின்னு வேடிக்க பாக்க முடியுமா?"

ஐப்பசியில் ஒரு மத்தியானம், நான் அங்கே இருந்தபோது, ஒரு வேலைக்காரப் பெண் வந்து ஜுலைகா அம்மாள் வரச்சொன்னதாகச் சொன்னாள். பின்வாசல் வழியாக வரச்சொன்னாராம். அக்காவோடு நானும் போனேன். ஜுலைகா அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். முக்காட்டை எடுத்தார். முன்னுச்சி முழுக்க வெள்ளை.

"பூசிவிடு" என்றார்.

கமர்ஜஹான் அக்கா பையைக் கீழே வைக்கவில்லை. "பூசறேன் மாமி. ஆனா ஒண்ணு. நானாப் போயி யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். யாராச்சும் எம் மூஞ்சியப் பாத்து நேரா கேட்டா, இல்லன்னு சொல்ல எனக்கு இனிமே வராது. உங்களுக்குச் சம்மதமா?"

ஜுலைகா யோசித்தார். வெளியே மருமகள் யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது.

"எங்கிட்ட நேரா நின்னு நரைச்சிருச்சான்னு கேக்கற தைரியம் இந்த ஊர்ல எவளுக்கு இருக்கு? நீ கரை" என்றார்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு, மருதாணிக்குத் தண்ணீர் கேட்டார்.